இணையம் நம்மை விடுவிக்குமா, அடிமையாக்குமா?

“இணையம் மனிதரை விடுவிக்கும் என்றார்கள், இப்போது அதுவே நம்மை அழிக்கும் என்கிறார்கள். எதை நம்புவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டையும் நம்புவதில்லை. இணையத்தால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஆனால் இந்த இரண்டு தரப்புமே அதைப் புயல், மழை மாதிரி தானாக வருகிற ஒன்றாகப் பேசுகின்றன. என் வருத்தம் அதில்தான்.

1858-இல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது, நாடுகள் இனிப் பேசித் தீர்த்துக்கொள்ளும், போரே வராது என்று கொண்டாடினார்கள். அந்தக் கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது, அது வேறு விஷயம். பின்னால் போட்டவை நன்றாகவே வேலை செய்தன. 1914 ஆகஸ்டில் போரில் இறங்கிய பிரிட்டன், கையோடு ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை வெட்டியது.

1996 பிப்ரவரியில் ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்க எழுத்தாளர் இணையவெளிக்குச் சுதந்திரப் பிரகடனமே எழுதினார். அரசுகளுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்றார். 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு உத்தரவு போட்டது. அநேகமாக நாடு முழுவதும் சுமார் ஐந்து நாள் இணையம் இல்லை.

அப்படியானால் பயமுறுத்துகிறவர்கள் சொல்வதுதான் சரியா? எனக்கு அங்கே 1993 நினைவுக்கு வரும். அந்த வருடத் தொடக்கத்தில், இன்று நாம் பார்க்கும் வலையைவிட (www), இணையத்தில் தகவல்களைப் பட்டியல் வழியாகத் தேடிப் படிக்க உதவிய கோஃபர் என்ற அமைப்புக்குத்தான் புழக்கம் அதிகம். அதை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம், சர்வர் மென்பொருளுக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. உடனே பலருக்கும் தயக்கம் வந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, வலை பிறந்த இடமான செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம், வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. கோஃபர் தேய்ந்துபோக வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தக் கையெழுத்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

“கண்காணிப்பு வந்துவிட்டது, இனித் தப்பவே முடியாது” என்று நாம் பேசும்போது, கண்காணிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி! அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அப்புறம், செயற்கை நுண்ணறிவு வேலைகளை விழுங்கிவிடும் என்று எங்காவது படித்தால், எழுவாயை மாற்றிப் படித்துப் பார்க்கிறேன்: எந்த நிறுவனம், யாரை, எந்தச் சட்டம் இடம்கொடுத்து வேலையை விட்டு அனுப்புகிறது?