வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: கமராவுக்குப் பிடிபடாத நெஞ்செரிவு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெஞ்செரிவையும், கமரா பொருத்திய குழாயை வாய்வழியாக விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனையையும் பற்றியவை. அவற்றில் நான்கைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. வயது 42. மூன்று வருடங்களாக நெஞ்செரிவு இருக்கிறது. மலையில் குனிந்து நிற்கும்போது புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி வருகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்த ஒமெப்ரசோல் குளிசையைக் குடித்தால் குறைகிறது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பி விடுகிறது. சென்ற மாதம் பெரியாஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். எல்லாம் ‘நோர்மல்’ என்று எழுதியிருக்கிறது. ‘அப்படியென்றால் உனக்கு நோயே இல்லை, வேலைக்குப் போகாமலிருக்க இது ஒரு சாட்டு’ என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: இருக்கிறது என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிவு, குனிந்தால் மேலேறி வரும் புளிப்பு, அமிலத்தைக் குறைக்கும் குளிசையால் கிடைக்கும் ஆறுதல் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், எண்டோஸ்கோப்பி செய்யாமலே அமில எதிர்க்களிப்பு நோய் என்று கருதிச் சிகிச்சையைத் தொடங்குவதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். உங்கள் அறிக்கை அந்த முடிவை மாற்றவில்லை. இதை உங்கள் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பாடசாலையில் ‘களம்’ என்று படித்த உணவுக்குழாயின் கீழ் முனையில், அது இரைப்பையோடு சேரும் இடத்தில், வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, மற்ற வேளைகளில் இறுகி நிற்பது அதன் வேலை. அது தளர்ந்தாலோ, வேண்டாத நேரத்தில் திறந்துகொண்டாலோ இரைப்பை அமிலம் மேலே வருகிறது. இதுவே எதிர்க்களிப்பு. வயிறு நிறைய ரொட்டி சாப்பிட்டுவிட்டு மலைக்கு ஏறி, வயிறு மடங்கக் குனிந்து நிற்கும் ஒருவருக்கு அந்தத் தசையின் மீது எவ்வளவு அழுத்தம் விழும் என்பதை நீங்களே அறிவீர்கள். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலுள்ள கமரா சில நிமிடங்கள் மட்டும் உள்ளே இருக்கிறது. அப்போது நீங்கள் வெறும் வயிற்றோடு, இடப்பக்கம் சரிந்து, அசையாமல் படுத்திருக்கிறீர்கள். மலையில் குனியும்போது நடப்பது அந்தக் கட்டிலில் நடப்பதில்லை. கமராவால் அமிலம் ஏறுவதைப் பார்க்க முடியாது; ஏறிய அமிலம் விட்டுப்போன புண்ணைத்தான் பார்க்க முடியும். எதிர்க்களிப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அப்படியொரு புண் கண்ணுக்குத் தெரிவதில்லை. எரிவோ உண்மையானது.

உங்கள் விடயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம். பரிசோதனைக்கு முந்திய நாள் வரை குளிசை குடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்திருந்தால், புண் இருந்திருந்தாலும் அதற்குள் ஆறியிருக்கலாம். எதிர்க்களிப்பு இருக்கிறதா என்று அறிவதற்காகவே செய்யும் எண்டோஸ்கோப்பியை, முடிந்தால் இந்தக் குளிசையை இரண்டு முதல் நான்கு வாரங்கள் நிறுத்தி வைத்துச் செய்வதே நல்லது. அதை வைத்தியர் சொல்லித்தான் செய்ய வேண்டும். மனிதருக்கு மனிதர் நிலைமை வேறு.

இதற்கு மேலும் உறுதி தேவைப்பட்டால், மூக்கு வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, களத்தின் கீழ்ப்பகுதியில் 24 மணித்தியாலங்கள் அமிலத்தை அளக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. இடுப்பில் ஒரு சிறிய பெட்டியைக் கட்டிக்கொண்டு நீங்கள் வழக்கம்போல் நடமாடலாம், சாப்பிடலாம், குனியலாம். அந்த நாளில் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம், அதாவது ஏறத்தாழ 86 நிமிடங்களுக்கு மேல், அமிலம் அங்கே நின்றிருந்தால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குக் குறைவென்றால் அது இயல்பான அளவு. இந்த வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை, எல்லோருக்கும் தேவையும் இல்லை. நீண்ட காலம் குளிசை குடிக்க வேண்டியவர்களுக்கும் சத்திரசிகிச்சையை யோசிப்பவர்களுக்கும்தான் அது மிகவும் பயன்படும்.

குளிசையை எப்போது குடிக்கிறீர்கள்? வயிறு புண்ணாகும் என்று பயந்து பலர் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிறார்கள். ஒமெப்ரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பாக, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போதே குடித்துவிட்டால், ரொட்டி சுட்டு முடிப்பதற்குள் நேரம் சரியாக இருக்கும். எரியும் நாளில் மட்டும் குடித்து மற்ற நாட்களில் விடாமல், எட்டு வாரங்கள் தொடர்ந்து குடித்துப் பார்த்த பிறகுதான் அது வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணித்தியாலங்கள் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் காலுக்கொரு செங்கல் வையுங்கள். தலையணையை மட்டும் உயர்த்தினால் வயிறு மடங்கி, எரிவு கூடும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இளம் வயதிலிருந்தே வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. நான்கைந்து மாதங்களாக ‘சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது’ என்கிறார். ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டு வந்தார். இப்போது கஞ்சி மட்டும்தான். மெலிந்தும் போனார். கேஸ் என்று நினைத்துப் பாமசியில் மருந்து வாங்கிக் கொடுத்து வருகிறோம். தீபாவளி முடிந்ததும் எண்டோஸ்கோப்பி செய்யலாமா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். இந்த இதழ் கைக்குக் கிடைத்த வாரத்திலேயே அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்.

அவருக்கு இருப்பது வெறும் எதிர்க்களிப்பாக இருக்கலாம். அமிலப் புண் ஆறிய தழும்பு களத்தைச் சுருக்கியிருக்கலாம். ஆனால் 61 வயதில், திடமான உணவில் தொடங்கி நாளுக்கு நாள் கூடிவரும் விழுங்கல் சிரமமும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தால், களத்தில் புற்றுநோய் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எந்த வைத்தியரும் நிம்மதியாக இருக்க மாட்டார். வெற்றிலையோடு சேர்த்துப் போடும் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயோடு களப் புற்றுநோய்க்கும் காரணமாகின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சுருளே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. நமது லயங்களில் வெற்றிலைத் தட்டு இல்லாத வீடு குறைவு என்பதால் இதை அழுத்தி எழுதுகிறேன்.

உங்கள் அம்மா ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. நம் தாய்மார் முறையிட மாட்டார்கள், சாப்பாட்டை மாற்றிக்கொள்வார்கள். ரொட்டியிலிருந்து குழைந்த சோற்றுக்கும், சோற்றிலிருந்து கஞ்சிக்கும் போய், கடைசியில் தேத்தண்ணியே தங்காத நிலையில் வாட்டுக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைத்தியரிடம் ‘கேஸ்’ என்று சொல்லாதீர்கள். ‘விழுங்கும் உணவு நெஞ்சில் சிக்குகிறது, இத்தனை மாதமாக, இவ்வளவு மெலிந்துவிட்டார்’ என்று சொல்லுங்கள். அந்தச் சொற்களைக் கேட்டால் பரிசோதனைக்கான திகதி முன்னுக்கு வரும். முன் பகுதியில் சொன்னதுபோல் குளிசையை வாரக்கணக்கில் நிறுத்திக் காத்திருப்பது இவருக்குப் பொருந்தாது. இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், விழுங்கும்போது நோவு, காரணம் தெரியாத இரத்தச்சோகை, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் இதே அவசரம்தான்.

கேள்வி: எனக்கு வயது 24. சாப்பிட்டதும் ஏப்பமும் இடைக்கிடை நெஞ்செரிவும் வரும். முழுப் பரிசோதனையாக இருக்கட்டும் என்று தனியார் வைத்தியசாலையில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள நினைக்கிறேன்.
(வாசகர், தலவாக்கலை)

பதில்: உங்கள் கடிதத்தில் ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. முதலில் வைத்தியரைக் கண்டு எட்டு வாரச் சிகிச்சை எடுங்கள். குணமாகாவிட்டால், அல்லது குளிசையை நிறுத்தியதும் திரும்பி வந்தால், அப்போது எண்டோஸ்கோப்பிக்குக் காசு செலவழிப்பதில் அர்த்தம் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் குறைகிறதென்றால், அல்லது நோவு கைக்கும் தாடைக்கும் பரவி வியர்க்கிறதென்றால், அதை நெஞ்செரிவாக எண்ணாமல் உடனே ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும்.

கேள்வி: என் கணவரின் எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘லொஸ் ஏஞ்சலிஸ் கிரேட் பீ’ என்றும் ‘ஹையாட்டஸ் ஹேர்னியா’ என்றும் இருக்கிறது. மறுபடி குழாய் விட வேண்டியிருக்குமா என்று கேட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார். முதல் தடவையே மூச்சு நின்றுவிடும் என்று பயந்துதான் போனார்.
(வாசகி, வெலிமடை)

பதில்: லொஸ் ஏஞ்சலிஸ் என்பது, அமிலம் களத்தின் உட்சவ்வில் உண்டாக்கிய கீறல்களை அளக்கும் முறையொன்றின் பெயர். களத்தின் உட்சுவர், பாவாடைக் கொசுவம் போல நீளவாக்கில் மடிந்திருக்கும். கீறல் 5 மில்லிமீற்றருக்கு மேற்படாவிட்டால் ‘ஏ’. அதைவிட நீண்டு, ஆனால் ஒரு மடிப்பின் முகட்டிலிருந்து அடுத்ததன் முகட்டுக்குத் தாவாமல் இருந்தால் ‘பீ’. மடிப்புகளைத் தாண்டிப் பரவினால் ‘சீ’. சுற்றளவில் நான்கில் மூன்று பங்கு அல்லது அதற்கு மேல் பிடித்திருந்தால் ‘டீ’. நெஞ்செரிவே இல்லாத சிலரிடமும் ‘ஏ’ காணப்படுவதால், அதை மட்டும் வைத்து நோயை உறுதி செய்வதில்லை. ‘பீ’ முதல் மேலே உள்ளவை நோய்க்கு உறுதியான சான்று என்பதே இன்று வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டுள்ள முடிவு. எனவே உங்கள் கணவருக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதிர்க்களிப்பு நோய் இருக்கிறது. அது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நிலையில் இருக்கிறது.

மற்றச் சொல்லான ‘ஹையாட்டஸ் ஹேர்னியா’ பயமுறுத்தினாலும் பொருள் எளியது. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவேயுள்ள தசைத் தடுப்பான பிரிமென்றகட்டில் களம் நுழையும் துவாரம் அகன்று, இரைப்பையின் மேல்முனை சற்று மேலே ஏறியிருக்கிறது. அதனால் வளையத் தசைக்கு பிரிமென்றகடு கொடுக்கும் பிடிமானம் குறைகிறது. பலருக்கு இது இருக்கிறது. இதற்காக மட்டும் சத்திரசிகிச்சை தேவையில்லை.

மறுபடி எண்டோஸ்கோப்பி வழக்கமாகத் தேவைப்படுவது ‘சீ’, ‘டீ’ வகையினருக்கு. எட்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகு புண் ஆறியதா என்றும், அந்தப் புண்ணின் அடியில் ‘பரெட்’ மாற்றம் மறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நீண்ட கால அமிலத் தாக்கத்தால் களத்தின் வெளிறிய உட்சவ்வு குடலின் உட்சவ்வைப் போலச் சிவந்து மாறுவதே அது. சிலருக்குப் பல ஆண்டுகளில் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது என்பதால், சிறு துணுக்கு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதி செய்கிறார்கள். துணுக்கு எடுப்பது வலிப்பதில்லை. உங்கள் கணவரின் அறிக்கையில் அந்தச் சொல் இல்லையென்றால், குளிசையில் குணமாகிவந்தால் மறுபரிசோதனை பற்றி அவர் எண்ணத் தேவையில்லை.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். 1868-இல் ஜேர்மனிய வைத்தியர் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவருக்குத்தான் நேரான உலோகக் குழாயை விட்டுப் பார்த்தார்; சாதாரண மனிதரால் அதைத் தாங்க முடிந்திருக்காது. வளையும் குழாயை உருவாக்கிய ஹேர்ஷோவிட்ஸ் 1957-இல் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். இன்றைய குழாய் சுண்டுவிரலைவிடத் தடிப்பானதல்ல. அது போவது களத்துக்குள்; மூச்சுக்குழாய் தனியாகத் திறந்தே இருப்பதால் மூச்சு நிற்பதில்லை. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை விசிறி, பல்லுக்கு இடையில் ஒரு வளையம் வைத்து, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடித்துவிடுவார்கள். குமட்டல் வரும்போது மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, எச்சிலை விழுங்காமல் வாயோரமாக வழிய விட்டால் பாதிச் சிரமம் குறையும். எப்போதாவது மறுபடி செய்ய நேர்ந்தால், தூக்க ஊசி போட முடியுமா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். ஊசி போட்டால் அன்று முழுவதும் வாகனம் ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வேண்டும்.

குறைந்தது ஆறு மணித்தியாலங்கள் ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். முதல் பஸ்ஸில் கண்டிக்கோ பதுளைக்கோ புறப்படுகிறவர்கள் வழியில் ஒரு கோப்பை குடித்துவிட்டு, அதனாலேயே திகதி தள்ளிப்போய்த் திரும்பி வருவதுண்டு. நீரிழிவுக்கோ, இரத்தம் உறையாமலிருக்கவோ குளிசை குடிப்பவர்கள் தாமாக எதையும் நிறுத்தாமல், திகதி வாங்கும் அன்றே கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பரிசோதனை முடிந்ததும் தொண்டை மரப்பு விடும் வரை தண்ணீரும் குடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு உங்கள் கணவர் வழக்கம்போல் சாப்பிடலாம்.