படல் திறந்த சிறுவன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒன்றரை வருடமாக பிரேசிலில், காம்பினாஸ் நகரில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலக வேன் ஓட்டுபவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். காலையில் ஏறி உட்கார்ந்தால் தினமும் ஒரே மாதிரிப் பாட்டு. இரண்டு ஆண்குரல்கள் ஒட்டிக்கொண்டே போகும். கூடவே கித்தார் போல ஒன்று, ஆனால் அதைவிடக் கூர்மையான சத்தம். சம்பாவும் போஸா நோவாவும்தான் பிரேசில் என்று நினைத்து வந்தவன் நான். ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பெயர் கேட்டேன். 'ஓ மெனினோ டா பொர்தேரா' என்றார். "எழுபதுகளில் விடியற்காலை அப்பா ரேடியோ போடுவார், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அலுவலகத்துப் பிள்ளைகள் இந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இசை தெரிந்த நண்பர் ஒருவரோ, உண்மையான கிராமத்து இசை எழுபதுகளிலேயே செத்துவிட்டது, ரேடியோவும் டிரம்பெட்டும் எலெக்ட்ரிக் கித்தாரும் சேர்ந்து அதைக் கொன்றுவிட்டன என்கிறார். இது என்ன இசை? அவர் சொல்வது சரியா? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

கடிதத்துக்கு நன்றி. நான் பல வருடங்களாகப் பித்துப் பிடித்ததுபோலக் கேட்டுவரும் இசை இது. உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. பழையது கைபிரா இசை. கைபிரா என்றால் சாவோ பாலோ, மினாஸ் ஜெராய்ஸ், கோயாஸ், பரானா பக்கத்து உள்நாட்டு ஆள். நகரத்துக்காரர் வாயில் அது 'பட்டிக்காட்டான்' என்கிற வசவு. இன்னொரு பெயர் செர்தனேஜா. ரேடியோவிலும் இசைத்தட்டுகளிலும் நிலைத்த பெயர் அது. நீங்கள் கேட்ட கூர்மையான சத்தம் வியோலாவுடையது. போர்த்துகீசியர் கொண்டுவந்த பழைய தந்தி வாத்தியத்தின் வழியில் வந்தது. பத்துக் கம்பிகள், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. சுருதி சேர்ப்பதில் பல முறைகள் உண்டு. அதில் ஒன்றுக்குப் பெயர் 'செபொலாவ்', அதாவது பெரிய வெங்காயம். அந்தச் சுருதியில் வாசித்தால் கேட்பவர் கண்ணில் தண்ணீர் வரும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வாத்தியத்தின் வயிற்றுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்மணியைப் போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. அது வாசிப்பவனைக் காக்கும், நாதத்தைக் கூட்டும் என்று நம்பிக்கை.

ஒட்டிக்கொண்டே போகும் குரல்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த இசையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பாடகர்கள் இணையாகத்தான் வருவார்கள். 'டூப்லா' என்று பெயர். பெரும்பாலும் அண்ணன் தம்பிகள். ஒருவர் பஞ்சமத்தில் நிற்கும்போது மற்றவர் காந்தாரத்தில் நிற்பார். முதலாமவர் மத்யமத்துக்கு இறங்கினால் இவர் ரிஷபத்துக்கு இறங்குவார். இந்த இடைவெளி பாட்டு முடியும்வரை கூடவே வரும். ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடிப் பழகிய நம் காதுக்கு முதல் நாள் இது வினோதமாக இருக்கும். ஒரு வாரம் கேட்டபின் ஒற்றைக் குரலைக் கேட்டால் மற்றவர் எங்கே என்று தேடத் தோன்றுகிறது.

இந்த இசை இசைத்தட்டில் ஏறியது 1929ல். கொர்னேலியோ பீரெஸ் என்று ஒருவர், தியெத்தே என்ற ஊர்க்காரர். கைபிராக்களின் கதைகளையும் பேச்சையும் மேடையில் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர். பட்டிக்காட்டுப் பாட்டை யார் வாங்குவார் என்று தட்டுக் கம்பெனி தயங்கியது. அவர் கைக்காசைப் போட்டு 25,000 தட்டுகள் அச்சிடச் சொன்னார். அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் விற்றுத் தீர்த்தார். நாற்பதுகளில் அவருடைய உடன்பிறந்தார் பிள்ளை 'கபித்தாவ் ஃபுர்தாடோ' சாவோ பாலோவின் ரேடியோ டிஃபுஸோராவில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பொத்துகாத்து பக்கத்திலிருந்து வந்த இரண்டு சகோதரர்களுக்கு டோனிக்கோ, டினோக்கோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதன்பின் அரை நூற்றாண்டு அந்த இரண்டு பெயர்களையும் யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிராமத்தில் ஒரு தூய இசை இருந்தது, ரேடியோ வந்து அதைக் கெடுத்தது என்ற வரிசையே தவறு. கூடிப் பாடும் பாட்டு, மூவரசர் திருநாளுக்கு வீடு வீடாகப் போகும் பாட்டு, காலால் தட்டி ஆடும் கத்தீரா எல்லாம் கிராமத்தில் இருந்தன, உண்மைதான். ஆனால் உங்கள் ஓட்டுநர் கேட்கிற இசை, மூன்று நிமிடத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்கும் இந்த வடிவம், தட்டாலும் ரேடியோவாலும் உருவானது.

கலப்பும் அப்படித்தான். 1952ல் கஸ்காத்தின்யாவும் இன்யானாவும் பாடிய 'இந்தியா' நாட்டையே கட்டிப்போட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்த இணை அது. அந்தப் பாட்டின் மெட்டு பிரேசிலுடையதே அல்ல. பராகுவே இசையமைப்பாளர் ஹோசே அசுன்சியோன் ஃப்ளோரெஸ் போட்டது, 'குவாரானியா' என்ற அந்த நாட்டுப் பாட்டு வகை. எல்லை தாண்டி வந்த அந்தத் தாளம் கைபிரா வீட்டிலேயே தங்கிவிட்டது. மெக்சிகோ பாட்டு சினிமாவோடு வந்தது. பெத்ரோ பெந்தோவும் ஸே டா எஸ்த்ராடாவும் மரியாச்சி எனும் மெக்சிகோ வாத்தியக் குழுவினரின் உடையில், பெரிய தொப்பியோடு மேடை ஏறியது எழுபதுகளுக்கு முன்பே. ஆக, டிரம்பெட் எழுபதுகளில் புதிதாக வந்து கழுத்தை நெரிக்கவில்லை.

சரி, எழுபதுகளில் நடந்ததுதான் என்ன?

ஜனங்கள் இடம் மாறினார்கள். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக பிரேசிலில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகரவாசிகளாக இருந்தார்கள். 1980ல் அது மூன்றில் இரண்டு பங்கு. காபித் தோட்டங்களில் குடியிருந்து உழைத்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, ஊர் ஓரத்தில் தங்கி லாரியில் ஏறிப் போகும் தினக்கூலிகள் ஆயின. அவர்களுக்கு 'போயா ஃப்ரியா' என்று பெயர். ஆறிப்போன சோறு என்று அர்த்தம். விடியற்காலையில் கட்டிக்கொண்டுபோன சாப்பாடு மத்தியானத்துக்குள் ஜில்லிட்டுப் போகும், அதனால். 1975 ஜூலையில் பரானாவில் பெரும் உறைபனி விழுந்தது. கருப்பு உறைபனி என்றார்கள், ஏனென்றால் காபிச் செடிகள் ஒரே இரவில் கருகி நின்றன. அடுத்த வருடம் அந்த மாநிலத்தில் காபி அறுவடை என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. உலகம் முழுக்க காபி விலை ஏறியதற்கு அந்த இரவு ஒரு காரணம். தோட்ட முதலாளிகள் சோயாவுக்கும் கோதுமைக்கும் மாறினார்கள். அதற்கு டிராக்டர் போதும், ஆட்கள் வேண்டாம். மூட்டை கட்டிய குடும்பங்கள் சாவோ பாலோவுக்கும், காம்பினாஸ் மாதிரி ஊர்களுக்கும், இன்னும் மேற்கே காட்டு எல்லைக்கும் போயின.

இப்படி வந்தவர்கள் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆலைக்கும் போனார்கள். பஸ் பிடிக்க நாலரை மணிக்கு எழுந்தாக வேண்டும். விளம்பரக்காரர்கள் அந்த நேரத்தை மதிக்கவில்லை. காசுள்ளவர்கள் தூங்கும் நேரம் என்பதால் அது செர்தனேஜாவுக்குக் கிடைத்தது. அங்கேதான் ஸே பெத்தியோ வருகிறார். ப்ரொமிஸாவ் ஊர்க்காரர். செருப்புத் தைத்தவர், அக்கார்டியன் வாசித்தவர். எழுபதுகளில் சாவோ பாலோவின் 'ரேடியோ ரெக்கார்ட்' நிலையத்தில் விடியற்காலை நிகழ்ச்சி அவருடையது. சேவல் கூவும், மாடு கத்தும். நடுவில் அவர் மணி சொல்லுவார். இன்னும் எழுந்திருக்காத புருஷன்மாரை நினைத்துக்கொண்டு மனைவிகளிடம் கத்துவார்: "ஜோகா ஆகுவா நேலி!" அவன் மேல தண்ணியை ஊத்து! அடுத்து ஒரு பாட்டு.

அந்தச் சேவல் சத்தத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் இருந்த இடத்தில் சேவல் இல்லை. சிமெண்டுப் பலகைக் கூரை, பக்கத்துச் சுவரில் இன்னொரு குடும்பம், வெளியே டீசல் புகை. இரண்டு வருடம் முன்புவரை உண்மையான சேவலுக்கு எழுந்தவர்கள், இப்போது ரேடியோ சேவலுக்கு எழுந்தார்கள். உங்கள் ஓட்டுநரின் அப்பா திருப்பிய குமிழ் இதுவாகவே இருந்திருக்கலாம், இல்லை இதைப் போல நூறு ஊரில் ஒலித்த வேறொன்றாக இருக்கலாம். அந்த வீட்டில் விழித்த பிள்ளைகள் அப்பாவின் ஊரை அந்தப் பாட்டுகளில்தான் முதலில் பார்த்தார்கள்.

இன்னொரு பக்கம், இன்னும் தூரம் போனவர்களுக்குச் சிற்றலை இருந்தது. கோயானியாவின் ரேடியோ பிரேசில் சென்ட்ரல் 4985 கிலோஹெர்ட்ஸில் இரவெல்லாம் காட்டுக்குள் கேட்டது. 1977ல் அமேசான் பகுதிக்கென்றே பிரேசிலியாவிலிருந்து ஒரு சிற்றலை நிலையம் தொடங்கினார்கள். சொந்தக்காரர்கள் அனுப்பும் சேதிகளை அதில் வாசிப்பார்கள்.

இப்போது உங்கள் ஓட்டுநர் பேச்சை நிறுத்தும் பாட்டு. 'பொர்தேரா' என்றால் படல், மாடு போகும் வழியில் போடும் மரக்கதவு. மாட்டு மந்தை ஓட்டிப்போகும் ஒருவன், ஓரோ ஃபினோ பக்கத்துச் சாலையில் போகும்போதெல்லாம் ஒரு சிறுவன் ஓடிவந்து படலைத் திறந்துவிடுவான். கொம்பு ஊதச் சொல்லிக் கேட்பான். இவன் ஊதிவிட்டு ஒரு காசை வீசுவான். ஒரு நாள் வரும்போது படல் மூடிக்கிடக்கிறது. சிறுவனைக் காணோம். குடிசை வாசலில் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு மாடு அவனைக் கொன்றுவிட்டது. இனி மந்தை சிதறி ஓடினாலும் சரி, இந்த மண்ணில் கொம்பு ஊத மாட்டேன் என்று அவன் சொல்வதோடு பாட்டு முடிகிறது.

இதை முதலில் பதிவு செய்தவர்கள் லூயிஸின்யோவும் லிமேராவும், 1955ல். நாடு முழுக்கப் பரவியது 1973ல், செர்ஜியோ ரெய்ஸ் பாடியபோது. அவர் அதற்கு முன் நகரத்து இளைஞர்களுக்குக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். நகரத்துக் குரலில் வந்த கிராமத்துப் பாட்டு என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. 1973ல் மாடுகளை லாரி ஏற்றிப் போக ஆரம்பித்திருந்தது. மந்தை ஓட்டும் தொழில் கண்முன்னே தேய்ந்துகொண்டிருந்தது. 'இனி ஊத மாட்டேன்' என்பது 1955ல் ஒரு மனிதனின் சபதம். பதினெட்டு வருடம் கழித்து, கொம்புச் சத்தத்தையே இழந்துவிட்டு வந்தவர்கள் அதைக் கேட்டபோது வேறொன்றாகவும் கேட்டிருக்கும். அவர் பேச்சை நிறுத்துவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

டிரம்பெட் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. மிலியோனாரியோவும் ஜோஸே ரிக்கோவும் 1977ல் 'எஸ்த்ராடா டா வீடா'வைப் பாடினார்கள். வாழ்க்கைச் சாலை என்று பொருள். மெக்சிகோ டிரம்பெட், பராகுவே சாயல், உச்சத்தில் உடைந்து நடுங்கும் குரல். ஜோஸே ரிக்கோ வடகிழக்கில் பெர்னாம்புகோவில் பிறந்து, பரானாவில் வளர்ந்து, சாவோ பாலோவில் பிழைக்க வந்தவர். அப்படி இடம் மாறி மாறி வந்த ஒருவரிடம் ஒரே ஊரின் சுத்தமான ஓசையைக் கேட்பது நியாயமா? அந்த இணையின் கதையைப் படமாக எடுத்தவர் நெல்சன் பெரேரா டோஸ் சான்டோஸ், பிரேசிலின் மிகப் பெரிய இயக்குநர்களில் ஒருவர். படம் சீனாவரை போய் ஓடியது, இவர்களும் அங்கே போய்ப் பாடினார்கள்.

அதே பத்தாண்டில் வியோலா செத்துவிட்டதா என்றால், தியாவ் கரேரோவைக் கேளுங்கள். மினாஸின் வடக்கில் பிறந்தவர். வியோலா ஒரு தாளத்தில் வெட்டிவெட்டி ஓட, கித்தார் அதற்கு எதிர்த்தாளத்தில் பதில் சொல்லும் 'பகோட்' என்ற வகையை நிலைநாட்டியவர். எழுபதுகளில் அவர் கை உச்சத்தில் இருந்தது. டிரம்பெட்டுக்கு அஞ்சி அவர் எங்கும் ஒளியவில்லை. இரண்டும் ஒரே ரேடியோவில், ஒரே விடியலில் ஒலித்தன.

நகரத்து மேட்டுக்குடி இந்த இசையைக் கண்டெடுத்ததும் அப்போதுதான். பிரபலப் பாடகி கால் கோஸ்டா 1973ல் 'இந்தியா'வைப் பாடினார். இன்னொரு பிரபலப் பாடகி எலிஸ் ரெஜினா 1977ல் ரெனாத்தோ தெய்ஷேராவின் 'ரொமாரியா'வைப் பாடினார். ஜெபம் பண்ணத் தெரியாமல் அபரெசிடா மாதா கோயிலுக்கு வந்து நிற்கும் ஒரு கைபிராவின் பாட்டு. அழகான பாட்டு, மறுப்பில்லை. ஆனால் அப்போதுதான் இந்த இசைக்கு மரியாதை வந்தது என்று எழுதுகிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. ஐம்பது வருடமாக அதை மரியாதையோடு கேட்டுவந்த கொத்தனாரும் வேலைக்காரப் பெண்ணும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இதில் இனெஸீத்தா பரோசோவை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். சாவோ பாலோவின் படித்த குடும்பத்துப் பெண், நூலகவியல் பட்டதாரி. ஐம்பதுகளிலிருந்தே வியோலாவோடு நின்றவர். 1980ல் தொடங்கிய 'வியோலா, மின்யா வியோலா' தொலைக்காட்சி நிகழ்ச்சியை 2015ல் இறக்கும்வரை நடத்தினார். பெயர் பெற்றவரும் பெயரில்லாதவரும் அவர் மேடையில் ஒரே மாதிரி உட்கார்ந்தார்கள். பழைய பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. அங்கிருந்தே கேட்க ஆரம்பியுங்கள். அப்புறம் டோனிக்கோ, டினோக்கோ. அதற்குப் பிறகு தியாவ் கரேரோ.

உங்கள் ஓட்டுநர் எந்த ஊர்க்காரர் என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கு பரானாவாக இருந்தால், அந்த உறைபனி விழுந்தபோது அவருக்குப் பதினைந்து வயது இருந்திருக்கும். அவருக்குச் சொல்ல மனம் இருந்தால் ஒரு நாள் அதைக் கேளுங்கள். அப்பா வைத்திருந்த ரேடியோவைப் பற்றியும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.