இம்ப்ளான்ட் வைக்கறதுக்கு முன்னாடி ஸ்கேனைக் காட்டச் சொல்லுங்க

கேள்வி: கீழ்த்தாடைல கடவாய்ப்பல் ரெண்டு எடுத்தாச்சு, இம்ப்ளான்ட் (தாடை எலும்புக்குள்ள திருகி வைக்கற செயற்கைப் பல் வேர்) வைக்கலாம்னு டாக்டர் சொல்றார். நரம்புல பட்டா உதடு ஆயுசுக்கும் மரத்தே கிடக்கும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. சம்மதப் படிவத்துல கையெழுத்து போட்டுட்டா அப்புறம் கேஸே போட முடியாதாமே, நிஜமா?

பதில்: அப்படி இல்லைங்க. ஆபத்தைச் சொன்னாங்க, புரிஞ்சுக்கிட்டேன்ங்கிறதுக்குத்தான் அந்தக் கையெழுத்து, கவனக்குறைவா பண்ணாலும் பரவால்லன்னு எழுதிக் கொடுக்கறது கிடையாது. ஆனா சேர்ல சாய்ஞ்சப்புறம் நீட்டுற பேப்பர்ல போடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்க, மரத்துப்போற ஆபத்து அதுல இருக்கா, பக்கத்துப் பல்லைப் பிடிச்சுக் கட்டற பிரிட்ஜ், பல்செட்னு மத்த வழியையும் சொன்னாரான்னு பாருங்க.

இப்போ நரம்பு. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கற நரம்பு தாடை எலும்புக்குள்ளயே ஓடி, முன்கடவாய்ப்பல் கிட்ட வெளிய வருது. இம்ப்ளான்ட் முனைக்கும் அதுக்கும் குறைஞ்சது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடணும்ங்கறதுதான் வழக்கமான கணக்கு, அதுலயும் டிரில் முனை கூர்மையா இருக்கறதால பல டிரில்ல போட்டிருக்கற அளவுக்கோட்டை விட கொஞ்சம் ஆழமாவே இறங்கும், டாக்டர் அதையும் சேர்த்துதான் திட்டம் போடணும். ஓபிஜி எக்ஸ்ரே (ரெண்டு தாடையையும் ஒரே படத்துல காட்டறது) எலும்பைப் பெருசாக்கிக் காட்டும், எலும்போட அகலம் அதுல தெரியாது, அதனால இடம் கம்மியா இருந்தா தாடையை முப்பரிமாணத்துல காட்டற சிபிசிடி ஸ்கேன் கேளுங்க. நரம்புக்கு மேல எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கு, வைக்கப்போற இம்ப்ளான்ட் எவ்வளவு நீளம்னு ஸ்கிரீன்ல அளந்து காட்டச் சொல்லுங்க. நல்ல டாக்டர் இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டார்.

இதைவிட முக்கியம் இம்ப்ளான்ட் வெச்ச அன்னிக்கு ராத்திரி. மரப்பு ஊசி பொதுவா சில மணி நேரத்துல தெளிஞ்சுரும். மறுநாள் காலைலயும் உதடு மரத்திருந்தா, எறும்பு ஊர்ற மாதிரியோ ஷாக் அடிக்கற மாதிரியோ இருந்தா உடனே போன் பண்ணுங்க, "ரெண்டு வாரம் பார்க்கலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, ஏன்னா இம்ப்ளான்ட் நரம்பை அழுத்திட்டு இருந்தா 24-லேர்ந்து 36 மணி நேரத்துக்குள்ள எடுத்தாதான் நரம்பு மீள்ற வாய்ப்பு அதிகம், மாசக்கணக்குல விட்டா நிரந்தரமாயிடலாம். மரத்த இடத்தைச் சுத்தி பேனால கோடு போட்டு, தேதியோட போட்டோ எடுத்து வைங்க, குணமாகுதா இல்லையான்னு அதுலயே தெரியும்.

இதைப் படிக்கற டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்னிக்கு சாயந்திரம் நீங்களே போன் பண்ணி உதடு தெளிஞ்சுதான்னு கேளுங்க, கேட்டதை ரெக்கார்டுல எழுதுங்க. மரத்துப்போனதுக்காக மட்டும் பேஷன்ட் கோர்ட்டுக்குப் போறதில்ல, முன்னாடியே சொல்லலைங்கற, அப்புறம் போனை எடுக்கலைங்கற கோபம்தான் பல பேரை அங்க கொண்டு போய் விடுது.

நீங்க ஸ்கேன், சம்மதப் படிவம், இம்ப்ளான்ட் பாக்கெட்ல இருக்கற ஸ்டிக்கர் மூணுலயும் ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க.