மெயின்டனன்ஸ் தகராறு: அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்களுக்குப் பதில்கள்

சமீபத்தில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பராமரிப்பு நிறுவனங்களைப் பற்றியவை. பதில் சொல்லும்முன் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது யார்? பில்டரா, சங்கமா, நீங்களா? யாரிடம் கேட்பது, எங்கே புகார் கொடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ஒப்பந்த நகலை முதலில் கையில் வாங்குங்கள்.

லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை. அதனால் மெயின்டனன்ஸ் கட்டுவதை நிறுத்திவிட்டேன். இப்போது என் வீட்டுத் தண்ணீரை நிறுத்தப்போவதாக மேலாளர் மிரட்டுகிறார். (பெரும்பாக்கம்)

தண்ணீரை நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. பாக்கியை வசூலிக்க நோட்டீஸ், வழக்கு என்று முறையான வழிகள் இருக்கின்றன. மிரட்டலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வரவழையுங்கள். மீறி நிறுத்தினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, நுகர்வோர் ஆணையத்திலோ சிவில் நீதிமன்றத்திலோ இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

ஆனால் நீங்கள் கட்டாமல் நிறுத்தியதை நான் ஆதரிக்க மாட்டேன். பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துவது வாங்கியவரின் கடமை என்று ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவே சொல்கிறது. பாக்கி வைத்தவர் புகார் கொடுத்தால், பேச்சு முழுக்க அந்தப் பாக்கியைச் சுற்றியே போகும். “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுங்கள். லிஃப்டைத் தனிப் புகாராகக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் லிஃப்ட் இயக்க அரசு மின் ஆய்வுத்துறையின் உரிமம் வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) யாரிடம் என்று கேட்டு எழுதுங்கள். பல இடங்களில் ஏ.எம்.சி. பணம் கட்டாததுதான் லிஃப்ட் நிற்கக் காரணம்.

பில்டரின் துணை நிறுவனம்தான் இரண்டு வருடமாகப் பராமரிக்கிறது. கணக்கும் இல்லை, கார்பஸ் ஃபண்ட் (பொது வைப்பு நிதி) பற்றிப் பேச்சும் இல்லை. மாற்ற முடியுமா? (சோழிங்கநல்லூர்)

முடியும். ஆனால் தனி ஆளாக முடியாது, சங்கம் வேண்டும். பெரும்பான்மை வீடுகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா. சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய சங்கத்தை அதன்படி அமைத்து, பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு நோட்டீஸ் கொடுங்கள்.

சண்டை பெரும்பாலும் அதற்கு அப்புறம், ஒப்படைப்பில்தான் வரும். ஒரு சாயங்காலம் காபி கொடுத்து, “எல்லாம் சரியாக இருக்கிறது” என்ற கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் ஒருவரையும் பிளம்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நேரில் சுற்றுங்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் அதன் மீட்டரைப் போட்டோ எடுங்கள். தீயணைப்பு பம்பை ஆன் செய்து மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், நிறைவுச் சான்றிதழ், பூமிக்கடியில் போகும் குழாய்களின் வரைபடம், வாரன்ட்டி அட்டைகள், கார்பஸ் தொகை இருக்கும் வங்கிக் கணக்கின் அறிக்கை, எல்லாம் பட்டியலில் வர வேண்டும். குறை இருந்தால் அதே கடிதத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியவர் பில்டர்.

வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களைப் பார்க்காமல் பழைய நிறுவனத்தின் கடைசி பில்லுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பழைய நிறுவனம் கட்டாமல் விட்டது பிறகு சங்கத்தின் தலையில் விழலாம். அதைவிட, அந்த ஏழைகளின் பணம் அது.

பில்டர் இழுத்தடித்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் சங்கமே புகார் கொடுக்கலாம்.

டேங்கர் தண்ணீர் பில் திடீரென்று ஏறிவிட்டது. ஏமாற்றுகிறார்கள் என்று எப்படி நிரூபிப்பது? (வேளச்சேரி)

கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டரை எடுங்கள். லாரி எண், வந்த நேரம், கொள்ளளவு ஆகிய மூன்றையும் நிறுவனம் கொடுத்த பில்லோடு வரிசையாக ஒப்பிடுங்கள். பில்லில் இருக்கும் லாரி ரிஜிஸ்டரில் இல்லையென்றால் அங்கேயே பிடிபட்டது. 12,000 லிட்டர் லாரி என்று எழுதிவிட்டு 9,000 லிட்டர் லாரி வருவதும் உண்டு. லாரி காலியாவதற்கு முன்னும் பின்னும் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) தண்ணீர் மட்டத்தை வாட்ச்மேன் குறிக்கட்டும். கூடவே பம்ப் ரூம் வாசலில் ஒரு மீட்டர் வைத்துவிட்டால் வாக்குவாதமே இருக்காது.

மாதம் 6,000 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிறார்கள். சரியா? (போரூர்)

சங்கம் பில் போட்டால், ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. நிறுவனமே நேரடியாக உங்கள் பெயரில் பில் போட்டால் அந்த விலக்கு கிடைக்காது. பில்லின் தலைப்பில் யார் பெயர் என்று பாருங்கள்.

துபாயில் இருக்கிறேன். கோவையில் உள்ள என் வீட்டை ஒரு நிறுவனம் வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறது. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. குடியிருப்பவர் கட்டிவிட்டேன் என்கிறார்.

அவரிடமிருந்து வங்கிப் பரிமாற்ற விவரத்தை வாங்குங்கள். இனி வாடகையை உங்கள் கணக்குக்கே போடும்படி எழுதிக் கொடுங்கள். நிறுவனத்துக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால் ரத்துப் பத்திரம் எழுதுங்கள். பதிவு செய்த பவர் என்றால் ரத்தையும் பதிவு செய்ய வேண்டும். நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு இல்லை என்றது உறுதியானால், கணக்குக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, நம்பிக்கை மோசடி என்று காவல்துறையில் புகாரும் கொடுங்கள். குடியிருப்பவரை மட்டும் சிரமப்படுத்த விடாதீர்கள். அவருக்குத் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தப் பராமரிப்பு மேலாளருக்கும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடை போடுகிறது.

ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) மட்டும்’ என்று இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் போக முடியாதா? (மதுரை)

போகலாம். ஆர்பிட்ரேஷன் நிபந்தனை நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்பது 2018-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போட்டுவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பாருங்கள்.