அலியின் கடைசி இரண்டு தோல்விகள்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம். எனக்குக் குத்துச்சண்டை சொல்லித்தந்தவர் என் தாய்மாமா. முகமது அலியின் பழைய சண்டைகளை எல்லாம் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் 1980-ல் லாரி ஹோம்ஸிடம் தோற்றதையும் 1981-ல் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றதையும் மட்டும் போடவே மாட்டார். "அது அலி இல்லடா" என்பார். என்னோடு பயிற்சி செய்யும் நண்பனோ, "ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி என்று நேரம் பார்த்து நிறுத்தினார். அலி பேரைக் கெடுத்துக்கொண்டார்" என்கிறான். கடைசிக் காலத் தோல்விகளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

கே.
காவேரிப்பட்டணம்

அன்புள்ள கே.,

உன் மாமா ஏன் போடமாட்டேன் என்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஹோம்ஸுடன் நடந்ததை நீ பார்க்கவேண்டும்.

முதலில் உன் நண்பனின் 49-க்கு வருகிறேன். அதில் ஒன்று 1951 அக்டோபரில் ஜோ லூயியை வீழ்த்தியது. 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் (மிகக் கூடிய எடைப் பிரிவு) பட்டத்தை வைத்திருந்து, 25 முறை அதைக் காத்து, ஓய்வும் பெற்றுவிட்டவர் லூயி. வரிப்பாக்கி கழுத்தை நெரித்ததால் மறுபடி ரிங்குக்குள் வந்தார். வயது 37. எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். வென்ற மார்சியானோ அழுதார். லூயிக்கு அது இழுக்கு என்றால் மார்சியானோவுக்கு அது பெருமையாக இருக்கவேண்டும் அல்லவா? அந்தப் பெருமையை அவராலேயே கொண்டாட முடியவில்லை.

சுகர் ரே ராபின்சனை எடுத்துக்கொள். 1951 ஜூலையில் ராண்டி டர்பினிடம் தோற்கும்வரை, நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒரே ஒரு தோல்வி. ஓய்வு பெறும்போது 19. அதாவது 18 தோல்விகள் முப்பது வயதைத் தாண்டியபின் வந்தவை. 44 வயதில், 1965-லும் தோற்றுக்கொண்டிருந்தார். எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்து யார் மிகச் சிறந்தவர் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார், பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது அவர் பெயர்தான்.

எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடலாம் என்று சொல்லவில்லை. ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003-ல் ஹெவிவெயிட் பட்டம் வென்று, மறுபடி எடையைக் குறைத்து இறங்கிவந்தார். 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டிலேயே அவரை வீழ்த்தினார். ஜோன்ஸின் ஆட்டம் முழுக்க வேகத்தின்மேல் கட்டியது. கைகளைத் தொங்கவிட்டு, கண்பார்வையாலேயே தப்பிப்பார். வேகம் கால் விநாடி குறைந்ததும் அடியில் தாங்க ஒன்றும் இல்லை. அந்தத் தோல்வி அவரைப் பற்றி நமக்கு ஒரு உண்மையைச் சொல்கிறது, அதைச் சேர்த்துத்தான் எடைபோடவேண்டும். அதன்பின் பல ஆண்டுகள் அவர் ஆடியவற்றை நான் சேர்ப்பதில்லை.

நம் தகடூரை நினைத்துப் பார். அதியமானை வென்ற சேரனைத் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்றே குறிக்கிறார்கள். வென்றவன் பெயருக்கு முன்னால் தோற்றவன் ஊர் நிற்கிறது. பெர்பிக் 1986-ல் உலகப் பட்டமே வென்றவர். இருந்தும் அவர் யார் என்று சொல்ல அலியின் பெயர் தேவைப்படுகிறது.

ஆகவே பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை உடம்பைப் பற்றி.

பர்கூர் பக்கத்தில் என் பெரியப்பா ஒரு காளை வைத்திருந்தார். எருது விடும் விழாவில் ஐந்தாறு வருடம் அதை மிஞ்ச ஆளில்லை. வயதானபிறகும் ஊரார் கேட்டார்கள் என்று ஒரு தை மாதம் மறுபடி ஓட்டிவிட்டார். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கி, வழுக்கி விழுந்து, முன்னங்கால் போனது. பரிசு போனதை ஒருவரும் பேசவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் அதன் ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். பெரியப்பா மட்டும் அது நொண்டி நொண்டித் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நான்தானே கயித்த அவுத்தேன்" என்பார்.

1980-ல் அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் ஹோம்ஸ். அலிக்கு 38 வயது. எடை குறைந்து பழைய அலி போலத் தெரிந்தார், ஆனால் தைராய்டு மாத்திரை உள்ளே இருந்த சத்தையெல்லாம் உறிஞ்சியிருந்தது. நடுவர்கள் ஒரு ரவுண்டுகூட அவருக்குக் கொடுக்கவில்லை. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக நின்றவர். சண்டையை நிறுத்தமாட்டீர்களா என்பதுபோல நடுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தார். அடுத்த ஆண்டு பஹாமாஸில் பெர்பிக். 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த இரண்டு சண்டைகளுக்கும் ஏற்பாடு செய்தவர்கள், உரிமம் கொடுத்தவர்கள், டிக்கெட் விற்றவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் தோல்விகளை நான் அலியின் கணக்கில் எழுதமாட்டேன், அவர்கள் கணக்கில் எழுதுவேன்.

ஹோம்ஸ் சண்டையில் பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் மூலையைக் கவனி. உதவியாளர் பண்டினி பிரவுன் இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சுகிறார். இருபது ஆண்டுகளாக அலியோடு இருந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ அதைக் கேட்காமல், போதும் என்று முடித்துவிடுகிறார். அலி ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நாளைக்கு நீ ரிங்குக்குள் போனால் உன் மூலையில் நிற்கப்போவது உன் மாமாதான். அந்தப் பத்து ரவுண்டையும் அவரையும் கூட்டிவைத்துக்கொண்டு பார். மறுத்தால் நான் சொன்னேன் என்று சொல்.