கால் இன்ச் ராட்செட்: பல்லை எண்ணும் முன் தலையை அளந்து பாருங்கள்

கேள்வி இது: "ஸ்கூட்டருக்கும் காருக்கும் சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன். இடுக்கான இடங்களுக்கு ஒரு குட்டி ராட்செட் வாங்க வேண்டும். 72 பல், 90 பல், 120 பல் என்று விதவிதமாக வருகிறது. எதை வாங்குவது?"

ராட்செட் என்பது, போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட் என்ற குமிழை மாட்டி, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டியே போல்ட்டைத் திருப்பும் கருவி. பல் என்பது அதன் தலைக்குள் இருக்கும் சக்கரத்தின் பல். பல் கணக்கு முக்கியம்தான். ஆனால் நான் அதை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் தலையின் உயரம். அடுத்தது, கைப்பிடியைப் பின்னுக்குக் கொண்டுவரும்போது உள்ளே இருக்கும் பிடிப்பு. அதற்குப் பிறகுதான் பல். அட்டைப்பெட்டியில் பல் எண்ணிக்கையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் சொல்லாமல் விடுகிறார்கள். வாங்குபவர்கள் குழம்புவது அதனால்தான்.

அளவைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டிருப்பது சரி. கால் இன்ச் என்பது சாக்கெட்டுக்குள் போகும் சதுர முனையின் அளவு, 6.35 எம்எம். ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் பாடி, ஏர் ஃபில்டர் பெட்டி, கிளட்ச் கவர், காரில் பேட்டரி டெர்மினல், இக்னிஷன் காயில், டேஷ்போர்டு வேலை எல்லாம் பெரும்பாலும் எம்5, எம்6 போல்ட்தான் (மரையின் விட்டம் 5, 6 எம்எம்). அவற்றுக்கு 8, 10 எம்எம் சாக்கெட் போதும். எம்6 போல்ட்டை முறுக்க வேண்டியது சுமார் 10 நியூட்டன் மீட்டர். 100 எம்எம் கைப்பிடியின் நுனியில் பத்து கிலோ அழுத்தம் கொடுத்தால் அது வந்துவிடும். எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கம் போகும். அங்கே 3/8 இன்ச் செட்டை எடுங்கள்.

இப்போது இடுக்குக்கு வருவோம். இடுக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைப்பிடியைப் பக்கவாட்டில் வீச இடம் இல்லாதது. இன்னொன்று, போல்ட் தலைக்கு நேர் மேலே இடம் இல்லாதது. 120 பல் முதல் வகைக்கு உதவும். இரண்டாவது வகைக்கு 1200 பல் இருந்தாலும் பிரயோசனமில்லை. என் கைக்கு அதிகம் வந்து மாட்டுவது இந்த இரண்டாவது வகைதான்.

கார்புரேட்டர் வைத்த பழைய ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு எம்6 போல்ட். மேலே வண்டியின் சட்டம் (ஃபிரேம்), ஒரு பக்கம் ரப்பர் ஹோஸ், இன்னொரு பக்கம் வயர். சாதாரண கால் இன்ச் சாக்கெட்டே 25 எம்எம் உயரம் இருக்கும். அதன்மேல் ராட்செட் தலையின் தடிமன். தலையின் முதுகில் திசை மாற்றும் லீவர். நடுவில் சாக்கெட்டை விடுவிக்கும் பட்டன். ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்எம் சாப்பிடும். அந்த மூன்று நான்கு எம்எம்தான் உள்ளே நுழையுமா நுழையாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதனால் கடைக்குப் போனால் 10 எம்எம் சாக்கெட்டை மாட்டி, ராட்செட்டைக் குப்புற வைத்து, தலையின் முதுகிலிருந்து சாக்கெட்டின் வாய் வரை ஸ்கேலால் அளங்கள். இரண்டு மூன்று ராட்செட்டை அருகருகே வைத்து அளந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், தலையின் தடிமனை எம்எம்மில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கைப்பிடி நீளத்தை மட்டும் போட்டு, குட்டி என்று பெயர் வைத்திருந்தால் எனக்கு அதில் நம்பிக்கை வராது.

அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கையால் அழுத்தி சாக்கெட்டை உதிர்க்கும் இந்த அமைப்புக்கு 1965-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பீட்டர் ராபர்ட்ஸ். சியர்ஸ் கடையில் வேலை பார்த்த இளைஞர். காப்புரிமையை அந்த நிறுவனத்துக்கே பத்தாயிரம் டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு அதற்காக இருபது வருடத்துக்குச் சமீபமாக வழக்கு நடத்தினார். அருமையான கண்டுபிடிப்பு. எண்ணெய்க் கையோடு சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனாலும் இடுக்கு வேலைக்கென்றே வாங்கும் ராட்செட்டில் பட்டன் இல்லாமல், சதுர முனையில் சாக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு உலோக உருண்டை மட்டும் இருப்பதையே நான் எடுப்பேன். உயரம் குறையும், கை தெரியாமல் பட்டு சாக்கெட் உள்ளே விழுந்துவிடும் பயமும் இல்லை.

உயரத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எம்6 போல்ட்டின் மரை இடைவெளி 1 எம்எம். ஒரு சுற்றுக்கு ஒரு எம்எம் போல்ட் வெளியே வரும், ராட்செட்டும் கூடவே மேலே ஏறும். தலைக்கு மேல் ஐந்து எம்எம் இடம்தான் இருக்கிறது என்றால் ஐந்தாவது சுற்றில் முதுகு சட்டத்தில் முட்டி இறுகிவிடும். இனி கழற்றவும் முடியாது, ராட்செட்டை எடுக்கவும் முடியாது. திசையை மாற்றித் திரும்ப முறுக்கினால்தான் விடுதலை. ஆனால் திசை மாற்றும் லீவரோ முதுகுப் பக்கம், சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். எனவே லீவர் தலையின் ஓரத்தில், பக்கவாட்டிலிருந்து விரல் நகத்தால் தள்ளும்படி இருக்கிறதா என்று பாருங்கள். தலையைச் சுற்றி வட்டத் தட்டாக இருந்து, அதையே திருகித் திசை மாற்றும் வகையிலும், தட்டின் விளிம்பு பக்கவாட்டில் விரலுக்கு எட்ட வேண்டும்.

இரண்டாவது விஷயம், பின்னுக்கு வரும்போது உள்ள பிடிப்பு. என்னைக் கேட்டால் நல்ல ராட்செட்டையும் மோசமான ராட்செட்டையும் பிரிப்பது இதுதான். போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை எந்த ராட்செட்டும் வேலை செய்யும். முறுக்கு விட்டுப்போன பிறகு போல்ட் லேசாகச் சுற்றும். அப்போது கைப்பிடியைப் பின்னுக்குக் கொண்டுவந்தால், போல்ட்டின் பிடிப்பைவிட ராட்செட்டுக்குள் ஸ்பிரிங்கின் பிடிப்பு அதிகமாக இருந்தால், போல்ட்டும் சேர்ந்து பின்னுக்கே வரும். முன்னே ஐந்து டிகிரி, பின்னே ஐந்து டிகிரி. எவ்வளவு நேரம் ஆட்டினாலும் போல்ட் அங்கேயே நிற்கும். வெளியிடத்தில் என்றால் விரலால் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ளலாம். இடுக்கில் விரல் எங்கே போகும்?

சோதிப்பது சுலபம். சாக்கெட் எதுவும் மாட்டாமல், சதுர முனையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஆட்டுங்கள். முனை விரலுக்குள் நிற்க வேண்டும், கைப்பிடி மட்டும் டிக் டிக்கென்று நகர வேண்டும். முனையும் கூடவே திரும்புகிறது என்றால், பல் எத்தனை இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். புது ராட்செட்டில் கிரீஸ் கெட்டியாக இருப்பதால் கொஞ்சம் இழுக்கும், நாலைந்து முறை சுற்றிவிட்டுப் பாருங்கள்.

இனி பல். ஒரு சுற்று 360 டிகிரி, அதைப் பல்லால் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வீச்சு என்று வரும். 24 பல்லுக்கு 15 டிகிரி, 36-க்கு 10, 72-க்கு 5, 120-க்கு 3. டிகிரியில் சொன்னால் மனதில் பதியாது, கைப்பிடி நுனியில் எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். 100 எம்எம் கைப்பிடிக்கு 24 பல்லில் 26 எம்எம், 36 பல்லில் 17 எம்எம், 72 பல்லில் 9 எம்எம், 120 பல்லில் 5 எம்எம். 24-லிருந்து 72-க்குப் போவது பெரிய லாபம். 72-லிருந்து 120-க்குப் போனால் மிச்சம் நான்கு எம்எம்கூட இல்லை.

அந்த நான்கு எம்எம்மும் முழுசாகக் கைக்கு வராது. போல்ட் தலைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஆட்டம் உண்டு, சாக்கெட்டுக்கும் சதுர முனைக்கும் நடுவே ஆட்டம் உண்டு. எக்ஸ்டென்ஷனும் (நீட்டிக்கும் கம்பி) யுனிவர்சல் ஜாயிண்ட்டும் (மடங்கும் இணைப்பு) போட்டால் அவையும் தங்கள் பங்குக்குச் சில டிகிரி தின்னும். 120 பல் ராட்செட்டில் ஆட்டமுள்ள சாக்கெட்டைப் போடுவதைவிட, 72 பல்லில் சிக்கென்று உட்காரும் ஆறுபட்டை சாக்கெட்டைப் போடுவது மேல்.

120 என்று போட்டிருந்தால் சக்கரத்தில் அத்தனை பல் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. கியர்ரென்ச் நிறுவனத்தின் 120எக்ஸ்பி வகையில் சக்கரத்துக்கு 60 பல்தான். அதில் விழும் கொக்கி இரண்டு, ஒன்று மாற்றி ஒன்று அரைப் பல் தள்ளி விழும்படி வைத்திருக்கிறார்கள். பல்லைப் பொடியாக்காமல் வீச்சைக் குறைக்கும் நல்ல வழி அது. பெயர் தெரியாத மலிவு ராட்செட்டில் பெரிய எண்ணைப் பார்த்தால், எண்ணிப் பாருங்கள். சாக்கெட்டில் பேனாவால் கோடு போட்டு, கால் சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். 18 வந்தால் 72.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஐந்து டிகிரி வீச்சுதான் கிடைக்கிறது என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 72 முறை ஆட்ட வேண்டும். பதினைந்து சுற்று மரை உள்ள எம்6 போல்ட்டைக் கடைசிவரை அப்படியே கழற்ற 1080 முறை. யாரும் அப்படி வேலை செய்வதில்லை. ராட்செட்டால் முதல் இறுக்கத்தை விடுவித்து ஒன்றிரண்டு சுற்று கொண்டுவந்து, மிச்சத்தை விரலால்தான் சுற்றுகிறோம். அதனால் தலையின் முதுகில் சொரசொரப்பான தட்டு இருந்து, அதைக் கட்டைவிரலால் சுற்ற முடிகிற ராட்செட் இடுக்கில் வரப்பிரசாதம். கைப்பிடியே இல்லாமல் உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தட்டு ராட்செட்டும் இதற்கென்றே விற்கிறது.

கைப்பிடி நீளத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். 100 எம்எம் பக்கம் எடுங்கள். 75 எம்எம் குட்டியில் அதே எம்6 போல்ட்டுக்குப் பதின்மூன்று கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். துருப்பிடித்த போல்ட் என்றால் இன்னும் கூடும், விரல் வலிக்கும். எதுவானாலும் துருவேறிய போல்ட்டின் முதல் பிடியை ராட்செட்டால் உடைக்காதீர்கள். 10-11 ரிங் ஸ்பேனரால் கால் சுற்று விட்டுக்கொடுத்த பிறகு ராட்செட்டை மாட்டுங்கள். கைப்பிடியில் பைப் சொருகுவது கூடவே கூடாது.

தலை மடங்கும் ஃப்ளெக்ஸ் ஹெட் பார்க்க ஆசையாக இருக்கும். ஏதாவது ஒன்றைத் தாண்டிப் போய்த் திருப்ப அது உதவும். ஆனால் மடங்கும் இடத்தால் ஆட்டம் கூடும், அழுத்தும்போது தலை சாய்ந்து போல்ட் தலையின் மூலைகளை மழுக்கிவிடும். முதல் ராட்செட் நிலையான தலையோடு இருக்கட்டும்.

உயரமே எதிரி என்றால் வேறு இரண்டு கருவிகளும் உண்டு. ஸ்க்ரூ, ஆலன் (ஆறுபட்டைக் குழி), டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) தலைகளுக்கு பிட் ராட்செட் பாருங்கள். சதுர முனைக்குப் பதிலாக அதில் ஆறுபட்டை ஓட்டை இருக்கும், 25 எம்எம் பிட் (ஸ்க்ரூடிரைவர் முனை) நேராக உள்ளே உட்காரும். வெரா நிறுவனத்தின் ஸைக்ளாப் மினி 1 இந்த ரகம்: 87 எம்எம் நீளம், 60 பல், 6 டிகிரி. கால் இன்ச் என்றே இதையும் சொல்வதால், சாக்கெட் போகும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதில் சாக்கெட் போட தனியாக அடாப்டர் வேண்டும்.

இன்னொன்று ராட்செட் ரிங் ஸ்பேனர். சாக்கெட்டே கிடையாது, ரிங்கின் தடிமன் மட்டும்தான். மேலே ஒரு விரல் இடம் இருந்தால்கூடப் போய்விடும். வாங்கும்போது திசை மாற்றும் லீவர் உள்ளதாகவே வாங்குங்கள். லீவர் இல்லாததைப் புரட்டிப் போட்டுத்தான் திசை மாற்ற வேண்டும். நான் மேலே சொன்னபடி போல்ட் ஏறி முட்டிக்கொண்டால் புரட்டவே முடியாது, ஸ்பேனர் அங்கேயே சிறை.

உங்கள் வேலைக்கு என் பரிந்துரை: 72 பல், பட்டன் இல்லாத, மெல்லிய நிலைத் தலையுள்ள, 100 எம்எம் கால் இன்ச் ராட்செட் ஒன்று. 8, 10, 12 எம்எம் ஆறுபட்டை சாக்கெட். 50, 100 எம்எம் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்று. பணம் மிச்சமிருந்தால் லீவர் வைத்த 10 எம்எம் ராட்செட் ரிங் ஸ்பேனர். 46 உருப்படி, 108 உருப்படி என்று பெட்டியாக வரும் செட்டில் சாக்கெட்டுகள் சுமாராக இருந்தாலும் ராட்செட்தான் பலவீனமாக இருக்கும். ஏற்கெனவே அப்படி ஒரு பெட்டி வைத்திருந்தால் சாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு ராட்செட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள். சென்னையில் இருந்தால் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து வாங்கலாம்.

திரும்ப மாட்டும்போது போல்ட் சாக்கெட்டிலிருந்து நழுவி இன்ஜின் அடியில் விழும். சாக்கெட்டுக்குள் பொட்டு கிரீஸ் தடவி போல்ட்டை உட்கார வையுங்கள், அல்லது ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துத் திணியுங்கள், நிற்கும். முதல் மூன்று நான்கு மரையை விரலால் அல்லது வெறும் எக்ஸ்டென்ஷனால் பிடிக்க வைத்த பிறகுதான் ராட்செட். அலுமினிய ஹெட்டில் மரை கோணலாக ஏறினால் செலவு பெரிது.

வருடத்துக்கு ஒருமுறை ராட்செட் தலையைத் திறந்து துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெயோ இளகிய கிரீஸோ துளி விடுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். பொடிப் பல் ராட்செட்டில் அந்தக் கெட்டி கிரீஸ் பல்லுக்கு நடுவே அடைந்தால் கொக்கி முழுசாக விழாது. அழுத்தும் நேரத்தில் பல் தாண்டி, கை முட்டி போய் ரேடியேட்டரில் இடிக்கும்.