ஏழு தட்டு ரிஃப் வாய்ப்பாடு போல ஒலிப்பது குறித்து

புதுச்சேரியில் நீங்கள் நடத்தும் புரோக்ரஸிவ் மெட்டல் (சிக்கலான தாளங்கள் கொண்ட ராக் இசை வகை) குழுவுக்காக, ஒரு சுற்றுக்கு ஏழு தட்டு (beat) என எழுதும் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் துணுக்குகள்) வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒலிப்பதாகக் கேட்டிருந்தீர்கள். கடலூரில் கிதார் வாசிக்கும் எனக்கும் இதே தொல்லை இருந்தது. லெட் செப்பலின் ராக் குழுவின் 'காஷ்மீர்' (1975) பாடலைக் கவனியுங்கள்: கிதார் மூன்று தட்டில் சுழல, டிரம்ஸ் அசையாமல் நான்கில் நிற்பதால், பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் இரண்டும் சேர்ந்து விழுகின்றன, சிக்கல் அந்த உரசலில் இருக்கிறதே தவிர ரிஃபில் இல்லை, அதை யாரும் முணுமுணுத்துவிடலாம். ரஷ் குழுவின் 'ஒய்ஒய்இசட்' (YYZ, 1981) ஐந்து தட்டில் தொடங்குவதும் கணக்குக்காக அன்று, டொரண்டோ விமான நிலையத்தின் அந்த மூன்றெழுத்துக் குறியீடு மோர்ஸ் தந்தியில் ஒலிக்கும் விதத்துக்காக. ஆகவே உங்கள் டிரம்மரை ஏழு ஏழாக எண்ணவிடாமல் நான்கு தட்டிலேயே வாசிக்க வையுங்கள். ரிஃப் நான்கு முறை சுழன்று 28 தட்டுகள் முடிந்ததும், இருவரும் சந்திக்கும் முதல் தட்டில் கிராஷ் சிம்பலில் ஒரு அடி போதும்.